நின்றதா என்னும் கடைசிக் கட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பண்ணை நோட்டின் கடைசிக் கட்டத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பது பாதிப் பொய். அந்தக் கட்டத்தை நிரப்பியவளே நான்தான். எட்டு மாதம், தினம் காலையில், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல், முழுக்கத் தப்பாக நிரப்பியிருக்கிறேன்.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்:

"பொழுது புலரும் வேளை. முப்பத்திரண்டு மாடுகளின் மூச்சு பனியோடு கலந்து –"

அடித்துவிட்டேன். அந்த மூச்சு எதோடும் கலக்கவில்லை. பொழுது புலரும் வேளையில் அங்கே இருப்பது சாணி நாற்றமும் பால் கறக்கும் மிஷினின் இரைச்சலும்தான். நான் அழகாக எழுத ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். இனிமேல் எந்த வாக்கியமாவது பளபளத்தால் நீங்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

இரண்டாவது தொடக்கம்:

"ஊசிக்காரரின் கட்டைவிரலில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது."

இது நல்ல தொடக்கம். நன்றாக இருந்ததால்தான் இத்தனை வம்பும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு பெண் வருவாள். வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் சொல்லி, சொல்லச் சொல்லத் தேய்ந்து, வெறும் பூச்சி ஆகிவிட்டவள். அவள் நான்தான். 'நான்' என்று எழுதினால் பேனா தயங்குகிறது. 'அவள்' என்றால் ஓடுகிறது. அதனால் கதை நடக்கும் இடங்களில் பூச்சி. கதையை நிறுத்திவிட்டு உங்களோடு பேசும் இடங்களில் மட்டும் நான்.

2

ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பசு இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். அரை நாள் இருக்கும், மிஞ்சினால் ஒரு நாள். அதற்குள் கண்டுபிடித்துச் சினை ஊசி போடுகிறவரைக் கூப்பிட வேண்டும். கோட்டை விட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டியதுதான். கத்துகிற மாடு தானே காட்டிக்கொடுத்துவிடும். கத்தாத மாடும் உண்டு. அதற்கு ஊமைப் பருவம் என்று பெயர். ஸ்டிக்கர் அந்த ஊமைகளுக்காக வந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். மேலே வெள்ளி நிறம். வால் தொடங்கும் இடத்துக்கு நாலு விரல் முன்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே ஒட்ட வேண்டும். பருவத்துக்கு வந்த மாட்டின் மேல் மற்ற மாடுகள் ஏறும். ஏறி இறங்கும்போது வெள்ளி உரசி உதிர்ந்து, அடியில் இருக்கும் சிவப்பு தெரியும். காலையில் யார் முதுகு சிவந்திருக்கிறதோ அதற்குச் சாயங்காலம் ஊசி.

(ஸ்டிக்கருக்கு முன்னால் அதே இடத்தில் வண்ணக்கட்டி பூசினோம். அதில் அழிந்திருந்தால் பருவம். இதில் தெரிந்தால் பருவம். மாற்றிய முதல் வாரம் முழுக்க, வெள்ளி மாறாத மாடுகளைப் பார்த்து "இன்னும் அழியல, இன்னும் அழியல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இது அடிக்குறிப்பு. கதைக்குத் தேவையில்லை. ஆனால் ஒரே முதுகில் இரண்டு பாஷை எழுதினால் என்ன ஆகும் என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

பூச்சியின் சித்தி ஸ்டிக்கரை நம்பவில்லை.

"கம்பியில உரசினாலும் செவக்குது, செவுத்துல தேய்ச்சாலும் செவக்குது. இது பொய் சொல்லும்டி" என்றாள். "செவப்பைப் பார்த்தா உடனே போனைத் தூக்காத. அவிழ்த்து விட்டுட்டு அரைமணி நேரம் பாரு. ஏறுறவளை எழுதித் தொலைக்காத. ஏறுறவ சும்மா ஆட்டம் போடுறவ. ஏற விட்டுட்டு அசையாம நிக்குறா பாரு, அவதான் ஆளு."

அந்த அரைமணி நேரம் பூச்சிக்குப் பிடித்தமான நேரம். கொட்டகைக்கு வெளியே, கம்பி வேலிக்குள், மாடுகள் ஒன்றை ஒன்று முகர்ந்துகொண்டு சுற்றும். யாரும் அவளிடம் பேச மாட்டார்கள். பார்த்தால் போதும். பார்த்ததை எழுதினால் போதும்.

3

சித்தி கொட்டகைக்கு மேஸ்திரி. பால் கறக்கிற நாலு பெண்களுக்கு மேல், முதலாளிக்குக் கீழ். தீவனக் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஓர் அறை வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை போனால் அறையும் போகும். பூச்சியின் படிப்பு ஒன்பதாவதோடு நின்ற பிறகு, சித்திதான் அவளைக் கூட்டிவந்து அந்த அறையில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி அதுவரை டைல்ஸ் கடை வைத்திருந்தவர். பண்ணைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்ப்பார். சித்தியை வேலைக்கு எடுத்த அன்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எழுதப் படிக்கத் தெரியும்ல?"

"என்ன முதலாளி, இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றாள் சித்தி.

இது பதில் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. தானே கோடு போட்ட ஒரு பெரிய நோட்டைக் கொடுத்தார். ஐந்து கட்டங்கள். தேதி. மாட்டு எண். ஸ்டிக்கர். ஊசி. கடைசியாக, நின்றதா?

சித்தி நோட்டை மேலும் கீழும் பார்த்தாள். தலையாட்டினாள். "கோடெல்லாம் நேரா இருக்கு முதலாளி" என்றாள். அவருக்குச் சந்தோஷம்.

சித்திக்குத் தன் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதையும் கோலம் போடுகிற மாதிரிதான் போடுவாள், கடைசிச் சுழியிலிருந்து தொடங்கி. நோட்டு அறைக்கு வந்தது. பூச்சியின் மடியில் விழுந்தது.

"இனிமே நீதான் எழுதுற. ஆனா எழுதுறது நான். புரியுதா?"

பூச்சிக்குப் புரிந்தது. ஒன்றைத் தவிர.

"சித்தி, கடைசிக் கட்டத்துல 'நின்றதா'ன்னு போட்டிருக்கு."

"அதான்டி நான் தெனமும் சொல்றது. நின்னா நின்னுச்சுன்னு எழுது. நிக்கலைன்னா நிக்கலைன்னு எழுது."

மாடு வைத்திருக்கும் வாசகர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து பக்கத்தில் படிப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. அவருக்கு இரண்டு பக்கமாவது ஆகட்டும்.

4

பூச்சியிடம் இன்னொரு நோட்டும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதுற?" என்று சித்தி ஒரு மத்தியானம் கேட்டாள்.

"தீவனப் பட்டியல் சித்தி."

"நேத்தும் தீவனம், இன்னைக்கும் தீவனம். மாடு திங்குறதைவிட நீ எழுதுறது அதிகமா இருக்கே."

"வைக்கோல், தவிடு, எல்லாம் தனித்தனியா –"

"படி பார்ப்போம்."

பூச்சி படித்தாள். "வைக்கோல் நாற்பது கட்டு. தவிடு ஆறு மூட்டை." நோட்டில் இருந்த வரி இது: 'சித்தி பொய் சொல்லும்போது இடது கையால் மூக்கைத் தொடுகிறாள்.'

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வேறு சிலது தெரியும். ஆறு மூட்டைத் தவிட்டை எழுத இத்தனை வரி ஆகாது என்று தெரியும். அவள் மூக்கைத் தொட்டாள்.

(இந்த மூக்கு விஷயம் உண்மையா என்று எனக்கே இப்போது சந்தேகம். எழுதிய பிறகுதான் அவள் மூக்கைத் தொடுவதை அடிக்கடி பார்த்தேன்.)

5

ஆறாவது மாதம் முதலாளி வந்தார். கார் பானெட்டின் மேல் நோட்டை விரித்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கங்களில் விரல் ஓடியது.

"அட, ஒன்பது நின்னிருக்கே! பரவாயில்லையே! இந்த ஒன்பதையும் கம்பிக்கு அந்தப் பக்கம் மாத்திடுங்க. இனிமே இதுங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வீணாக்க வேண்டாம்."

கம்பிக்கு அந்தப் பக்கம் என்றால் சினை மாடுகளின் பக்கம். சித்தி திகைத்தாள். இவர் எப்போது டாக்டரைக் கூட்டிவந்து சோதித்தார்? தான் இல்லாத நேரமா? கேட்க வாய் எடுத்தாள். கேட்டால் நோட்டைக் காட்டுவார். காட்டினால் படிக்க வேண்டும்.

"சரிங்க முதலாளி" என்றாள்.

அவர் பக்கம் என்ன நினைப்பு? டாக்டர் வந்து பார்த்திருக்கிறார், இந்த அம்மா ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு பிரிந்தார்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் சந்தேகப்படாத கடைசி இடம் இதுதான். ஒரு நிமிஷம் இங்கேயே இருந்துவிட்டுப் போகலாம்.

ஆறு வாரம் கழித்து, ஒரு காலையில், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பதினாலாம் நம்பர் மாடு கத்தியது. சித்தி கையிலிருந்த வாளியை வைத்தாள்.

"சினை மாடு இப்படிக் கத்தாதே."

டாக்டர் வந்தார். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது சினை. இது இல்ல. இதுவும் இல்ல." ஒன்பதில் ஐந்து காலி. யாரும் பார்க்காத பக்கத்தில், ஸ்டிக்கர் இல்லாமல், ஐந்து மாடுகள் பருவத்துக்கு வந்து வந்து போயிருந்தன.

முதலாளி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நின்றதுன்னு எழுதியிருக்கீங்களே, எதைப் பார்த்தும்மா எழுதினீங்க?"

"பார்த்துத்தான் முதலாளி எழுதினேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"வயித்துக்குள்ள இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

சித்தி அதைக் குத்தல் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். 

"அந்த ஊசிக்காரன் சொல்லிக்கொடுத்து எழுதினீங்க. அவன் போட்ட ஊசி பிடிக்கலைன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். நோட்டு, நீங்க, அந்த ஆளு, மூணு பேரும் இருக்கணும். அதுக்கப்புறம் நீங்க இங்க இருக்கறதா வேண்டாமான்னு பார்க்கலாம்."

நோட்டையும் ஒரு ஆளாகச் சேர்த்துச் சொன்னதைப் பூச்சி கவனித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது.

6

இங்கேதான் நான் ஊசிக்காரரைக் கெட்டவர் ஆக்கினேன்.

நியாயமாக இருந்தது. அவர் கட்டைவிரலில் எப்போதும் சிவப்பு. ஸ்டிக்கர் சிவந்தால் அவருக்கு அழைப்பு. அழைப்பு வந்தால் வேலை. மேலும், அவரும் சித்தியும் கிடங்குக்குப் பின்னால் நின்று பேசுவார்கள், பூச்சி வந்தால் நிறுத்துவார்கள். ஒருநாள் சித்தி அவரிடம் மடித்த தாள்களைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பூச்சியின் நோட்டில் கதை வளர்ந்தது. "அவர் விடியலுக்கு முன் வருகிறார். கட்டைவிரலால் வெள்ளியைத் தேய்க்கிறார். சித்தி விளக்கைப் பிடிக்கிறாள் –" பதினோரு பக்கம். அவளுக்கு அதை எழுதும்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. சித்தியின் வேலை போகப்போகிறது, அறை போகப்போகிறது, அவளோ நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த பத்தியில் ஊசிக்காரர் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊசிக்காரர் பைக்கை நிறுத்திவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"பாப்பா, என் கட்டைவிரலைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கியே. என் வீட்டுக்காரிகூட அதை இவ்வளவு நேரம் பார்த்ததில்ல."



சித்தி அவர் பின்னாலேயே நின்றாள். "தவிடு ஆறு மூட்டைன்னு படிச்சியேடி. தம்பி படிக்கும்போது அதுல ஒரு மூட்டைகூட இல்லையே!"

நோட்டைத் தைத்திருக்கும் கம்பியிலிருந்து சித்தி நடுத்தாள்களைக் கழற்றியிருக்கிறாள். நடுவில் கழற்றினால் தெரியாது. எழுத வேண்டிய அவசரத்தில் பூச்சி முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. மடித்த தாளில் என்ன ரகசியம் இருக்கிறது என்று அவள் எழுதிய கதைதான், கொஞ்சம் கொஞ்சமாக, அந்த மடித்த தாளாகப் போயிருக்கிறது.

"என்னையும் இவரையும் சேர்த்து எழுதியிருக்கியாமே. தம்பிக்குப் படிக்கவே கூச்சமா இருந்துச்சு."

"எனக்கென்னக்கா கூச்சம்? விளக்கு பிடிச்சதோட நிறுத்திட்டா. அடுத்த பக்கம் வரும்னு பார்த்தேன், வரல" என்றார் ஊசிக்காரர். பிறகு கட்டைவிரலை நீட்டினார். "ஊசி போடுறதுக்கு முன்னாடி சிவந்த ஸ்டிக்கரை நான்தான் உரிக்கணும். உரிக்கலைன்னா அதே சிவப்பைப் பார்த்து நாளைக்கும் கூப்பிடுவீங்க. உரிச்சா ஒட்டத்தான் செய்யும். திருடுறவன் எதுக்குப் பாப்பா உரிக்கப் போறான்?"

பதினோரு பக்கம் அந்த ஒரு கேள்வியில் செத்தது.

7

"சரி, அந்தப் பண்ணை நோட்டைக் கொண்டா. வெள்ளிக்கிழமை நானும் பதில் சொல்லணும்ல" என்றார் அவர்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது என்பது பண்ணையில் என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியிருந்ததற்கு என் நோட்டுத்தான் காரணம். இதை எழுதும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் தீவன மூட்டையில் உட்கார்ந்து பக்கம் புரட்டினார். பாதியில் சிரிக்க ஆரம்பித்தார்.

"யம்மா! மூணாம் தேதி பதினாலாம் நம்பருக்கு ஊசி. அதே வரிசையில நின்றது. அன்னைக்குப் பச்சைப் பேனா, வரிசை பூரா பச்சை. மறுநாள் நீலம், வரிசை பூரா நீலம். ஊசி போட்ட அன்னைக்கே சினை நின்னுச்சுன்னு எழுதியிருக்கு! என் கை அவ்வளவு ராசியா?"

"சினைன்னு யாரு தம்பி எழுதினா?"

"இதைப் பாருங்க. இருபத்தி ரெண்டாம் நம்பர். ஸ்டிக்கர் சிவப்பு. ஊசி கட்டத்துல கோடு. நான் வரவேயில்ல. கடைசியில நிற்கவில்லைன்னு இருக்கு. ஊசியே போடாம சினை எப்படிக்கா நிக்கும்?"

"அது கம்பியில உரசின செவப்பு. மத்தது ஏறப் பார்த்துச்சு, இவ நிக்கல, நகர்ந்துட்டா. அதனாலதான் உன்னைக் கூப்பிடல."

ஊசிக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கா, நீங்க சொல்ற நின்னுச்சு வேற. முதலாளி கேட்ட நின்னுச்சு வேற. ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினை நின்னுச்சான்னு எழுதுறதுக்கு அவர் அந்தக் கட்டத்தை விட்டிருக்காரு."

 கிடங்கில் எங்கோ ஒரு எலி சாக்கைப் பிறாண்டியது. (எலி இல்லை. அந்த மௌனத்தை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது.)

மழை நின்றது என்றால் இல்லாமல் போனது. சினை நின்றது என்றால் இருக்கிறது. படிப்பு நின்றது என்றால் முடிந்துபோனது. சொன்ன சொல்லில் நின்றாள் என்றால் முடிந்துபோகவில்லை. வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்றால் – இதை முடிக்க விருப்பமில்லை.

8

கதை எழுதுகிறவர்களுக்கு இது வசதியான இடம். பல முடிவுகள் தெரியும். வாழ்கிறவர்களுக்கு அப்படியில்லை. புதன், வியாழன், அவ்வளவுதான் இருந்தது.

முதல் முடிவு: பூச்சி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எழுதியது நான், தப்பு என்னுடையது. முதலாளி கேட்பார், "அப்ப உங்க சித்திக்கு எழுதத் தெரியாதா?" திருட்டுப் பட்டம் போகும். பொய்க்காரி என்ற பட்டம் வரும். எந்தப் பட்டம் வந்தாலும் அறை போகும்.

இரண்டாவது: ஊசிக்காரர் பழியை ஏற்றுக்கொள்கிறார். அவராகவே சொன்னார். "நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்னு சொல்லிடறேன் அக்கா. எனக்கு வேற பண்ணை இல்லையா?"

"அந்தப் பண்ணைக்காரன் காதுக்கு இது போகாதா? போ தம்பி, வேலையைப் பாரு."

மூன்றாவது: சித்தி சொல்கிறாள், நான்தான் எழுதினேன், கட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. யாருக்கும் அதிகம் காயமில்லை. அதனாலேயே இதன் மேல் எனக்குச் சந்தேகம். இந்த முடிவு ஓர் ஆளை நம்பி இருக்கிறது. முதலாளி அவளிடம் எதையும் எழுதிக் காட்டச் சொல்லக்கூடாது.

"எழுதிக் காட்டச் சொன்னா என்ன சித்தி பண்ணுவ?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலைம்பேன்."

"உனக்குக் கண்ணாடியே கிடையாதே."

"அதான் எடுத்துட்டு வரல."

பூச்சிக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் பூச்சியின் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழற்றிய தாள்களைத் திருப்பித் தரவும் இல்லை. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள்? படிக்கத் தெரியாதவளுக்குப் பதினோரு பக்கம் எதற்கு? வியாழக்கிழமை மத்தியானம் மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போது, ஈரச் சிமெண்டில் அவள் விரல் அசைந்துகொண்டிருந்தது. ஈ ஓட்டினாளோ, சுழி போட்டாளோ, அவள் நகர்வதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது.

9

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அலுவலக அறை என்று ஒன்று இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கீழே முதலாளி தன் கடையிலிருந்தே கொண்டுவந்து பதித்த வழவழப்பான டைல்ஸ். பூச்சி சுவரோரம் நின்றாள். ஊசிக்காரர் வாசலில்.

"இது யாரு கையெழுத்து?"

"இந்தப் பண்ணையில நோட்டு எழுதுறது நான்தானே முதலாளி" என்றாள் சித்தி. அவள் கைகள் இரண்டும் கீழேயே இருந்தன.

பிறகு அவள் விளக்கினாள். ஏறுகிற மாடு, நிற்கிற மாடு, நகர்ந்துபோகிற மாடு. பதினாலாம் நம்பர் எந்த நாள் எத்தனை தடவை நின்றது, இருபத்திரண்டு ஏன் நகர்ந்தது, எல்லாம் நோட்டைப் பார்க்காமல். முதலாளி தேதிகளை நோட்டோடு ஒத்துப்பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நின்றதான்னா சினை நின்றதான்னுதானே அர்த்தம்? மாட்டுக்காரங்களுக்கு இது தெரியாதா?"

"சினைன்னு நீங்க போடலையே முதலாளி."

வாசலில் ஊசிக்காரர் இருமினார். முதலாளி தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் இளகியது என்று எழுத எனக்கு ஆசை. இளகவில்லை. ஆனால் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"சரி. கட்டத்துல தப்பு இருக்கு. அதை ஒத்துக்கறேன்."

நோட்டை மூடப் போனவர் மூடவில்லை. பூச்சியைப் பார்த்தார். அவள் முகத்தை அல்ல, வலது கையின் நடுவிரலை. அதில் பச்சை மை. பூச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதைவிடச் சத்தமாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

அவர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். ஸ்கேல் வைத்து மெதுவாக ஆறு கட்டங்கள் போட்டார். ஐந்தின் தலைப்பை எழுதினார். ஆறாவதைக் காலியாக விட்டார். நோட்டைச் சித்தி பக்கம் திருப்பி, அதன் மேல் பேனாவை வைத்தார்.

"நீங்க பார்க்கறதுக்குன்னு ஒரு கட்டம், நான் கேக்குறதுக்கு ஒரு கட்டம். என்னோடதை நான் எழுதிட்டேன். உங்களோடதுக்கு என்ன பேரு வைக்கணுமோ, நீங்களே எழுதுங்கம்மா. இனிமே குழப்பம் வராது பாருங்க."

குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பூச்சி ஓர் அடி எடுத்து வைத்தாள். சித்தி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "நீ இரு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி, அதைப் பின்பக்கம் மாட்டினாள், நோட்டு எழுதுகிறவர்கள் செய்வதுபோல. குனிந்தாள். அவள் முதுகு பக்கத்தை மறைத்தது. பேனா தாளில் பட்ட சத்தம் கேட்டது.

10

"சித்தி, இதையெல்லாம் எழுதப்போறேன்" என்று பிறகு சொன்னேன். மறைத்து எழுதுவது அதற்குள் அலுத்துவிட்டது.

"எழுது. விளக்கு பிடிச்சேன்னு எழுதாத."

"அந்த ஆறாவது கட்டத்துல –"

"அதை எழுதாத."

"அதுதான் சித்தி கதையோட முடிவு."

"எட்டு மாசம் என் பேர்ல நீ எழுதின. அந்த ஒரு கட்டம் என்னோடதா இருந்துட்டுப் போகட்டுமே."

அதனால் எழுதவில்லை. சித்தி அந்தக் கட்டத்தில் ஒரு சொல் எழுதினாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு கோடு கிழித்தாள் என்றும் நினைக்கலாம். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்தாள் என்றால், அதையும் முதலாளி எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நீங்களே யோசிக்க வேண்டும். எது உங்களுக்கு வசதியோ அதன் மேல் கொஞ்சம் சந்தேகம் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனாலும் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் உங்களை அனுப்ப மனம் வரவில்லை. நேராகச் சொல்லக்கூடாது என்றால், ஓரமாகச் சொல்லலாம் அல்லவா? இப்போது மத்தியானம். நான் எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று காட்டினால் போதும். வேலை இருந்ததா, அறை இருந்ததா, எல்லாம் அதிலேயே வந்துவிடும். சித்தி என் தோளுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். எழுத ஆரம்பித்தேன்:

"ஜன்னலுக்கு வெளியே –"

சித்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.